பாலத்தை மூடிய சனிக்கிழமை

எங்கள் ஊர்ப் பாலத்தின் தொடக்கத்தில் இந்த வருடம் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். சைக்கிளில் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கான பலகை. ஊலன்பெக், ஜெர்மனியில் பீலெஃபெல்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, கோதுமை வயலும் பன்றிப் பண்ணையுமாகக் கிடக்கிற சின்ன ஊர். அதில் பார்க்க எட்டு இடங்கள் உண்டு என்கிறது பலகை. கோபுரம் சற்றுச் சாய்ந்த தேவாலயம், செங்கல்லில் கட்டிய தண்ணீர்த் தாங்கி, ரயில் நின்றுபோன ஸ்டேஷன், பழைய மாவு ஆலை, ஐந்தாவதாகப் பாலம். பாலத்துக்கு நாலே வரி. கல் எங்கிருந்து வந்தது, வளைவு எத்தனை, யார் கட்டுவித்தார். நாலாவது வரி, "பின்னாளில் அடித்தளம் திருத்தப்பட்டது" என்று முடிகிறது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்த இடத்தில் இப்போது இருக்கிறவர்கள் அந்தப் பலகையை நட்டுவிட்டு வந்து, "சிவா, அடித்தளத்துக்கு என்ன நடந்தது? நீங்கள்தான் மூடினீர்கள் என்கிறார்களே" என்று கேட்டார்கள். கோப்பி குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்கிற கதை அல்ல அது. பாதியில் நிறுத்திவிட்டு வந்தேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். இதில் பேசுகிறவர்களில் என் மனைவியைத் தவிர எல்லோரும் டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில்தான் பேசினார்கள். என் நினைவில் அவர்கள் எங்கள் தமிழில் பேசுகிறார்கள். அப்படியே எழுதுகிறேன்.

என் வேலை பவுஹோஃபில். நகரசபையின் வேலைத்தளம் அது. பனி தள்ளுவது, புல் வெட்டுவது, வாய்க்கால் அள்ளுவது, வீதிப் பலகை நடுவது, சவக்குழி வெட்டுவது எல்லாம் எங்கள் பொறுப்பு. ஏழு பேர் இருந்தோம். அகதியாக வந்து இந்த ஊரில் இறக்கிவிடப்பட்ட தமிழர்கள் எல்லோரும் அனுமதி கிடைத்ததும் பீலெஃபெல்டுக்கும் டுசல்டோர்ஃபுக்கும் போய்விட்டார்கள். எனக்கு இங்கே வேலை கிடைத்தது, நின்றுவிட்டேன். முதல் வருடம் இலை கூட்டினேன். பிறகு மரம் அறுக்க, வீதி மறிக்க, உயரத்தில் கயிறு கட்டி ஏற என்று ஒவ்வொரு தகுதிப் பத்திரமாக எடுத்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மற்றதெல்லாம் போல்மனிடம் படித்தது.

ஹேர் போல்மன், அதாவது திரு. போல்மன், எங்கள் தலைவர். நெட்டையான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை, பாராட்டியும் கேட்டதில்லை. பிழை கண்டால் பேசாமல் நிற்பார். அந்த நிற்பு தாங்காமல் நாங்களே பிழையைச் சொல்லிவிடுவோம். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் வருடம் என்னைத் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்து வர அனுப்பினார். மேலே ஏற நூற்றுச் சொச்சம் படி, அதற்கு மேல் இரும்பேணி. அன்று எனக்குக் காய்ச்சல். ஏணியின் அடியோடு திரும்பி வந்து, "மேல்மூடி சரி" என்று புத்தகத்தில் எழுதினேன். போல்மன் வாசித்தார். தொப்பியை எடுத்தார். "வா" என்றார். இரண்டு பேரும் படி ஏறினோம். மேல்மூடியில் கம்பிவலை ஒரு பக்கம் கழன்றிருந்தது. உள்ளே, ஊரே குடிக்கிற தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, ஒரு புறா குந்தியிருந்தது.

அவர் புறாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கண்டதை எழுது. காணாததைக் காணேல்லை எண்டு எழுது" என்றார். அவ்வளவுதான். இறங்கியதும் தாங்கியை மூடி, தண்ணீரைச் சோதிக்க அனுப்பிவிட்டு, மேலிடத்துக்குத் தன் பெயரிலேயே பிழையை எழுதினார். அன்றிலிருந்து புத்தகத்தில் நான் ஒரு சொல்லும் கூட்டி எழுதியதில்லை.

பாலத்தைப் பார்க்கும் வேலையை அவர் எனக்குத் தந்தது அதற்கும் சில வருடம் கழித்து. இரண்டு வளைவுள்ள கல்லுப் பாலம். ஆற்றின் நடுவே ஒரே ஒரு தூண். அந்தத் தூணில், தண்ணீர் வந்து மோதுகிற பக்கம், மேலிருந்து கீழாக ஒரு பழைய வெடிப்பு உண்டு. வெடிப்பு இருப்பது பயமில்லை, அது அசைகிறதா என்பதுதான் கேள்வி. அதை அறிய ஒரு பழைய முறை இருக்கிறது. வெடிப்பின் மேல் கல்லை நன்றாகத் துடைத்து, நனைத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஜிப்சம் சாந்தைக் குறுக்கே அப்ப வேண்டும். நடுவில் மெல்லியதாக இருக்க வேண்டும். காய முன்னம் ஆணியால் தேதியும் பெயரின் முதலெழுத்தும் கீறிவிட வேண்டும். ஜிப்சம் இழுபடாது, வளையாது. கல் மயிரளவு விலகினாலும் பட்டை முறிந்துவிடும். மாதம் ஒருமுறை, ஆறு பெருகினால் தினமும், தூணின் பக்கத்து இரும்பேணியில் இறங்கிப் பார்ப்பேன். பல வருடமாக ஒரு பட்டையும் முறியவில்லை.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஆடி மாதம். வாரம் முழுவதும் மழை. ஆறு வயலுக்குள் ஏறிவிட்டது. போல்மன் முழங்கால் சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊர்ப் பொறுப்பு என்னிடம். சனிக்கிழமைதான் ஊரின் பெரிய கொண்டாட்டம். ஊரே பச்சைச் சீருடை போட்டு, வாத்தியக் குழுவோடு நகரசபையிலிருந்து புறப்பட்டு, பாலத்தைக் கடந்து, மறுகரை மைதானத்துக்குப் போகும். சிறியவர் பெரியவராக நானூறு ஐந்நூறு பேர். பதினொரு மணிக்கு ஊர்வலம்.

காலை எட்டரைக்கு ஏணியில் இறங்கினேன். தண்ணீர் நான் நிற்கிற விளிம்புக்கு இரண்டு முழம் கீழே, மண்ணிறமாய், மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடியது. வெள்ளிக்கிழமை நான் பார்த்தபோது முழுசாக இருந்த கீழ்ப் பட்டை முறிந்திருந்தது. நடுவில் ஒரு கோடு. நகத்தை வைத்துப் பார்த்தேன், நகம் சிக்கியது.

ஏதாவது மரம் வந்து இடித்திருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. பக்கத்தில் புதுப் பட்டை ஒன்று வைத்தேன். ஈரத்தில் இறுக இருபது நிமிடம் பிடித்தது. நான் தூணோடு ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே கார்கள் போயின. பாண் வண்டி போனது. ஒரு பஸ் போனது. பஸ் நடுத்தூணுக்கு மேலே வந்த நேரம், என் கண் முன்னால், புதுப் பட்டையில் ஒரு கோடு விழுந்தது. சத்தமே இல்லை. முதலில் நான் நம்பவில்லை. விரலால் தொட்டேன். பட்டையின் இடப்பாதியும் வலப்பாதியும் வேறு வேறாக இருந்தன.

ஏணியில் ஏறி மேலே வந்தேன்.

போல்மனுக்கு ரெலிபோன் எடுத்தேன். அவர் குரல் மருந்தில் தடித்திருந்தது. கண்டதைச் சொன்னேன். நேரத்தையும் சொன்னேன். மூடவா என்று கேட்டேன். அவர் சொன்னார், "சிவா, நான் இஞ்ச படுத்துக் கிடக்கிறன். நீ அங்க நிக்கிறாய்." அதோடு வைத்துவிட்டார்.

கோபம் வந்தது. ஒரு ஆம், ஒரு இல்லை சொல்லியிருக்கலாம் என்று நினைத்தேன். வண்டியிலிருந்து தடுப்புகளை இறக்கிப் பாலத்தை மறித்தேன்.

வீதி மூடினால் உடனே மூன்று இடத்துக்கு அறிவிக்க வேண்டும், பொலிஸ், பஸ் கொம்பனி, அவசர உதவி நிலையம். அவசர உதவி நிலையத்தில் ஒரு பெண் எடுத்தார். மறுகரைக்கு அம்புலன்ஸ் எந்த வழியால் போவது என்று கேட்டார். கீழ்க் கிராமத்துப் பாலம் வழியாக என்றேன். அந்த வீதி வெள்ளத்தில் இருக்கிறது, காலையிலேயே மூடியாயிற்று என்றார். அப்படியானால் நெடுஞ்சாலை ஏறிச் சுற்ற வேண்டும். அரை மணி நேரத்துக்கு மேல். "அது உங்களுக்குத் தெரியும்தானே?" என்று கேட்டார். தெரியும் என்றேன். அதுவரை நான் யோசித்திருக்கவில்லை.

மேயர் பத்து மணிக்குச் சீருடையோடு வந்தார். கெட்ட மனிதர் அல்ல. அவருக்குப் பின்னால் ஊர் நின்றது, அதுதான் அவருடைய பிரச்சினை. கீழே இறங்கிப் பார்க்கச் சொன்னேன். சப்பாத்தைப் பார்த்துவிட்டு இறங்கவில்லை. வாகனம் வேண்டாம், நடந்தாவது போகலாமே, ஐம்பது ஐம்பது பேராகப் போகலாமே என்றார். முறிந்தது ஒரு தலைமயிரளவு என்று நீங்களே சொல்கிறீர்களே என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"போல்மன் இருந்திருந்தால் மூடியிருப்பாரோ?"

"தெரியாது" என்றேன். "நான் மூடிப்போட்டன்."

"இண்டைக்கு நீங்கள் பிழையெண்டால் இந்த ஊர் அதை மறக்காது."

ஊர்வலம் நகரசபைக்கு முன்னாலுள்ள சந்தைச் சதுக்கத்திலேயே நின்றது. மழையில் வாத்தியம் வாசித்துக்கொண்டு நின்றார்கள். தடுப்பருகே வந்து சிலர் என்னைத் திட்டினார்கள். பாலம் கட்டினவனே இவ்வளவு பயந்திருக்கமாட்டான் என்றார் ஒருவர். எங்கிருந்தோ வந்தவனுக்கு எங்கள் பாலத்தைப் பற்றி என்ன தெரியும் என்றும் ஒரு குரல் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது தூணை. விழுந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். அதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

பன்னிரண்டரைக்கு அவசர உதவி நிலையம் அழைத்தது. மறுகரையில் ஒரு பெண்ணுக்கு நெஞ்சுவலி. ஹெலிகொப்டர் நெடுஞ்சாலை விபத்து ஒன்றில் நிற்கிறது. அம்புலன்ஸ் இந்தக் கரையால் வருகிறது, ஏறலாமா?

விலாசத்தைச் சொன்னார்கள். மறுகரையில் பாலத்திலிருந்து நூறு மீற்றர் தள்ளி இருக்கிற பேக்கரி. நோயாளி, பேக்கரிக்காரி ஃபிராவ் கெஸ்லர்.

அவரை எனக்கு இருபது வருடத்துக்கு மேல் தெரியும். பனி தள்ளும் காலத்தில் காலை ஐந்தரைக்கு அவர் கடையில்தான் பாண் வாங்குவேன். நாங்கள் தள்ளுகிற பனி எல்லாம் தன் கடை வாசலில்தான் குவிகிறது என்று ஒவ்வொரு வருடமும் சண்டை பிடிப்பார். சண்டை பிடித்துக்கொண்டே ஒரு பணிஸ் கூடுதலாகப் பைக்குள் போடுவார். அவரும் கணவரும்தான் கடை. பிள்ளைகள் இல்லை.

"வாகனம் ஏறக்கூடாது" என்று நான் சொன்னதை என் காதே கேட்டது. "ஆக்கள் நடந்து போகலாம். வீதியின் நடுவால. நான் கூட வாறன்."

அம்புலன்ஸ் தடுப்பின் முன்னால் வந்து நின்றது. ஒரு ஆணும் ஒரு பெண்ணும் இறங்கினார்கள். அந்தப் பெண் என்னையும் பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பாலம் நிக்குதுதானே?" என்று கேட்டார். ஓம், இப்போதைக்கு நிற்கிறது என்றேன். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஊர்வலத்தில் தூபா வாசிக்கிற தச்சர் ஒருவர், பெரிய உடம்புக்காரர், கேட்காமலே வாத்தியத்தை நிலத்தில் வைத்துவிட்டுக் கூட வந்தார்.

பேக்கரியில் ஃபிராவ் கெஸ்லர் மாவு மூட்டைகளில் சாய்ந்து நிலத்தில் இருந்தார். முகம் மெழுகு நிறம். கணவர் முழங்காலில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஊசி போட்டு, ஒட்சிசன் முகமூடி வைத்து, படுக்கையில் கட்ட ஏழெட்டு நிமிடம் ஆயிற்று. சில்லுள்ள கட்டில் பாரம் என்று அதை அக்கரையில் விட்டு, கையால் தூக்குகிற படுக்கையைத்தான் கொண்டுவந்திருந்தோம். நாலு மூலைக்கு நாலு பேர்.

பாலத்தின் வாயில் வந்ததும் கணவர் ஹேர் கெஸ்லர் எங்களோடு நடக்கத் தொடங்கினார். எழுபது வயது. இடுப்பு வருத்தம், இழுத்து இழுத்துத்தான் நடப்பார். நான் எண்ணினேன். தூக்குகிறவர்கள் நாலு பேர், நோயாளி ஒருவர். அந்தப் பட்டையில் விழுந்த கோடு கண்ணில் நின்றது.

"நீங்கள் இப்ப வரவேண்டாம்" என்றேன். "நாங்கள் அக்கரைக்குப் போனதும் கை காட்டுறன். அப்ப வாங்கோ."

"அவள் என்ர மனிசி" என்றார்.

"ஒரு நிமிசம்தான். நில்லுங்கோ."

அவர் நின்றார். நான் சொன்னதற்காக நின்றார்.

கால்களை ஒன்றாக வைக்கக்கூடாது, ஆளுக்கொரு நேரம் அடி வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அப்படி நடப்பது லேசல்ல. நாலு பேர் ஒரு பாரத்தைத் தூக்கினால் கால்கள் தாமாகவே சேர்ந்துவிடும். தச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். நடுத்தூணுக்கு மேலே வந்தபோது பாதத்தின் அடியில் ஆற்றின் அதிர்வு தெரிந்தது. அது எப்போதும் உள்ளதா, இன்றைக்கு மட்டுமா என்று எனக்குத் தெரியவில்லை. அறுபது மீற்றர் பாலம். இவ்வளவு நீளம் என்று அதற்கு முன் நான் உணர்ந்ததில்லை.

அம்புலன்ஸ் நின்ற அக்கரையில் படுக்கையை ஏற்றும்போது அந்த வைத்தியப் பணிப்பெண்ணின் முகம் மாறியது. கருவியைப் பார்த்தார், தோழரைப் பார்த்தார், "போவம்" என்றார். கணவர் வருகிறார், ஒரு நிமிடம் என்றேன். "ஒரு நிமிசம் எங்களிட்ட இல்லை" என்றார். நான் திரும்பிக் கையைக் காட்டினேன். ஹேர் கெஸ்லர் நடந்தார், இழுத்து இழுத்து, அவ்வளவு பெரிய பாலத்தின் நடுவில் தனியாக. அவர் பாதி வழி வந்தபோது கதவு மூடியது. சைரன் கேட்டது. அவர் நின்றுவிட்டார்.

மேயர் ஓடிப்போய் அவரைக் கையில் பிடித்துக் கூட்டிவந்தார். தன் காரில் ஏற்றி, சீருடையோடு, தானே ஓட்டிக்கொண்டு போனார். அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஃபிராவ் கெஸ்லர் இறந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அன்று பின்னேரம் புத்தகத்தை எடுத்தேன். எட்டு முப்பதுக்குப் பட்டை முறிந்திருக்கக் கண்டேன். புதிது வைத்தேன். பஸ் போகும்போது முறிந்தது, கண்டேன். மூடினேன். அம்புலன்ஸை ஏற விடவில்லை. நோயாளியைத் தூக்கி வந்தோம். அங்கே பேனை நின்றது. பிறகு எழுதினேன்: கணவர் கூட வர முயன்றார். நான் நிறுத்தினேன்.

வீட்டில் என் மனைவி வசந்திக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. சின்ன ஊர். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரே இருந்தாள்.

"பாலம் விழுந்ததே?" என்று கேட்டாள்.

"இல்லை."

"விழேல்லை எண்டதுதான் உங்களைத் தின்னுது, என்ன?"

அவள் தட்டை எடுத்து மூடி வைத்தாள். ஆறிப்போனாலும் சாப்பிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு முழுக்கப் பாலம் நின்றது. தேவாலயத்துக்குப் போன சனமெல்லாம் தடுப்பில் வந்து எட்டிப் பார்த்தது. என்னைக் கண்டு சிலர் வீதியின் மற்றப் பக்கம் மாறினார்கள். திங்கட்கிழமை மாவட்டத்திலிருந்து ஒரு எஞ்சினியரும், செவ்வாய் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் ஒரு சுழியோடியும் வந்தார்கள். சுழியோடி தூணின் அடியில் இறங்கி அரை மணி நேரம் கழித்து ஏறினார். அத்திவாரத்தின் முன்பக்கம் ஆறு அரித்துக் குழி பறித்திருந்தது. அந்தக் குழிக்குள் தான் தோள்வரை நுழைந்ததாகச் சொன்னார். தூணின் கால்வாசி வெறும் தண்ணீரில் நின்றிருக்கிறது.

மத்தியானத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மற்றப் பக்கம் மாறினவர்களே கடந்து வந்து கை கொடுத்தார்கள். மேயர் நகரசபை வாசலில் எல்லோருக்கும் முன்னால் என் கையைப் பிடித்து, தான் சொன்னதைத் திருப்பி எடுப்பதாகச் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் நன்றி என்றேன். எனக்கு எஞ்சினியரிடம் மூன்று கேள்வி இருந்தது.

பாலத்தடியில் அவரைத் தனியாகப் பிடித்தேன். ஊர்வலம் ஏறியிருந்தால்? அதற்குத் தான் பதில் சொல்ல விரும்பவில்லை என்றார், முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்தது. அம்புலன்ஸ் ஏறியிருந்தால்? சொல்ல ஏலாது, போயும் இருக்கலாம், போகாமலும் இருக்கலாம், நீங்கள் விடாதது சரி என்றார்.

"நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தம். கூட இன்னொரு ஆள் நடந்து வந்திருந்தால்?"

அவர் நான் ஏன் கேட்கிறேன் என்று விளங்காமல் பார்த்தார். "ஒரு ஆளோ? ஒரு ஆளால அந்தப் பாலத்துக்கு ஒண்டும் வந்திருக்காது" என்றார்.

புதன்கிழமை ஃபிராவ் கெஸ்லருக்குக் குழி வெட்ட வேண்டும். போல்மன் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து, வேறு ஆளை அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வசந்தியும் காலையில் சப்பாத்துப் போடும்போது, "வேற ஆள் வெட்டட்டுமன், ஏன் நீங்கள்?" என்றாள். காரணம் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

கெஸ்லர் குடும்பத்துக் கல்லறை தேவாலயத்தின் பின்னால், பழைய மரவரிசைக்குள் இருக்கிறது. மண் தோண்டும் இயந்திரம் அங்கே போகாது. மரச் சட்டத்தை வைத்து அளவு எடுத்து, புல்லைச் சதுரம் சதுரமாக வெட்டிச் சுருட்டி வைத்து, மண்ணை விரிப்பில் கொட்டி, வேர்களைக் கோடரியால் அறுத்து, இடுப்பளவு போனதும் பக்கங்களுக்குப் பலகை அடைக்க வேண்டும். நெஞ்சளவு இறங்கியிருந்தபோது சரளைக் கல்லில் இழுபடுகிற அடிச் சத்தம் கேட்டது. அந்த நடை யாருடையது என்று தலையைத் தூக்காமலே தெரிந்தது.

ஹேர் கெஸ்லர் பேக்கரிக் காற்சட்டையோடு வந்திருந்தார். குழியின் விளிம்பில் நின்று உள்ளே பார்த்தார். வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிவிட்டு நின்றேன். சொல்லாமல் விடலாம். அவர் கேட்கவில்லை. எஞ்சினியரிடம் நான் கேட்டதும் வேறு யாருக்கும் தெரியாது.

"ஹேர் கெஸ்லர், அண்டைக்கு உங்களை விட்டிருக்கலாம்" என்றேன். "ஒரு ஆளால பாலத்துக்கு ஒண்டும் வந்திருக்காதாம். எஞ்சினியர் சொன்னவர். நீங்கள் எங்களோட வந்திருந்தால் அம்புலன்ஸில அவவோட போயிருப்பியள்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மரத்தில் காகம் ஒன்று இடம் மாறி இருந்தது.

"எப்ப சொன்னவர்?" என்று கேட்டார்.

"நேற்று."

"சனிக்கிழமை உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது."

அவர் முகத்தைத் துடைத்தார். வாய் கோணியது. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன். கடைசியில் கேட்டார், "பாலத்தில அவள் கதைச்சவளோ?"

"ஓம்."

"அப்ப எனக்கு வரவேண்டியது உங்களிட்டைக் கிடக்கு. சொல்லுங்கோ."

நான் தலைப்பக்கம் பிடித்திருந்தேன். ஆற்று இரைச்சலில் ஃபிராவ் கெஸ்லர் பேசியது எனக்கு மட்டும்தான் கேட்டது. பாலத்தில் நடைபாதை ஒரு பக்கம்தான் உண்டு, ஒடுங்கியது, மற்றதெல்லாம் வாகனத்துக்கு. நடுத்தூணுக்கு மேலே வந்தபோது ஃபிராவ் கெஸ்லர் முகமூடியைக் கையால் விலக்கினார். வைக்கச் சொன்னேன், கேட்கவில்லை. சிறுபிள்ளையில் இருந்து இந்தப் பாலத்தால் போய் வருகிறேன், ஒருநாளும் நடு வீதியால் போனதில்லை என்றார். இஞ்சையிருந்து பார்த்தால் தேவாலயக் கோபுரம் சரிவாகத் தெரியவில்லை, நேராக நிற்கிறது, என்றார். பிறகு, "அவருக்குச் சொல்ல வேணும், நம்பமாட்டார்" என்றார். அதன் பின் பேசவில்லை.

இதை நான் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன்.

ஹேர் கெஸ்லர் கேட்டுக்கொண்டு நின்றார். தலையைத் திருப்பி எங்களுக்குப் பக்கத்திலேயே உயர்ந்து நின்ற கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "அது சரிவுதான்" என்றார். "நாப்பது வருசமா இதுக்குச் சண்டை பிடிச்சனாங்கள்."

அவர் போகவில்லை. நான் மறுபடி மண்வெட்டியை எடுத்தேன். அவர் விரிப்பின் ஓரத்தில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு கல்லில் குந்தினார். தோள் அளவு வந்து, அடியை மட்டம் செய்து, கடைசிப் பலகையை இறுக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் மண்வெட்டியை மேலே எறிந்துவிட்டு, மறுமூலையில் சாத்தியிருந்த ஏணியை நோக்கித் திரும்பினேன்.

அவர் எழுந்து வந்து குனிந்து கையை நீட்டினார்.

என் பாரத்தை அவரால் இழுக்க முடியாது என்று தெரியும். அவருக்கும் தெரியும். கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்தேன். ஒரு காலைப் பலகையில் ஊன்றி ஏறினேன். நான் புல்லில் கால் வைக்கும்வரை அவர் விடவில்லை. அதன் பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.